பதினோரு கிலோ நானூறு

மூட்டை ஏற்றி முடித்து லாரி கிளம்பியபின்
மில் தராசில் தையல் மெஷினைத் தூக்கி வைத்தேன்.
பதினொன்று நானூறு.
தலை மட்டும்தான், மேசை தோஹாவோடு போயிற்று.
பச்சைசாமி எட்டிப் பார்த்து
"என்ன ரகம், பொன்னியா?" என்றார்.
சுகிர்தா என்றேன்.

விமானமென்றால் திருச்சி.
ஏறினோம் இறங்கினோம் என்பதற்குள் பலாலி.
ஆனால் பெட்டிக்கு அளவு,
அளவுக்கு மேலே ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு விலை.
ஆறு வருஷம் அவளும் நானும்
விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கியவர்கள்.
ஒரு பன், ஒரு வெண்ணெய்க் கட்டி,
நாலாக மடித்த காகிதம்.
எங்கள் கைபட்டதைத் தின்றுகொண்டு
எத்தனை ஆயிரம் பேர் தலைக்கு மேலே போனார்களோ.
நாங்கள் ஏறியது
போக ஒன்று, வர ஒன்று.

ரயிலென்றால் காரைக்குடியில் உட்கார்ந்தால் ராமேஸ்வரம்.
கடலைக் காட்டிவிட்டு
இன்ஜினை மாற்றிக்கொண்டு திரும்பிவிடும்.

கொரோனா வருஷம் ஆடியில் எனக்குத் திருச்சி கிடைத்தது.
அவளுக்குக் கொழும்பு திறக்கவில்லை.
அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.
"நீர் கொண்டுபோம், பிறகு வந்து எடுக்கிறன்"
என்றாள், அடுத்த தெருவுக்குச் சொல்வதுபோல.
என் முப்பது கிலோவில் பதினொன்றே சொச்சம் அவளுடையது.
அதற்கு ஈடாக
என் குக்கரையும் இரண்டு கம்பளியையும்
கட்டிலடியில் விட்டு வந்தேன்.
அதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

கூரியர்காரன் சொன்ன தொகையில்
இரண்டு மெஷின் வாங்கலாம்.
"அப்ப அங்கேயே ஒண்ணு வாங்கிக்கச் சொல்லிப்
பணத்தைப் போட்டு விட்டுடேன்" என்றார் வீட்டுக்காரர்.
கணக்கு சரிதான்.
புதுவயல் மில்லில் கணக்கெழுதுகிறவள் நான்,
குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

மகனுடைய அட்லஸில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.
இங்கிருந்து அவள் வாசல்
கோயம்புத்தூரைவிடக் கிட்டம்.
கோயம்புத்தூருக்குப் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள்.
நான் போனதுமில்லை.

ஆகக் கப்பல்.
திருவாரூர் ரயில், அங்கிருந்து நாகப்பட்டினம்,
காலையில் ஏறினால் மதியத்துக்குள் காங்கேசன்துறை.
திருவாரூர் ரயிலில்
கேட்டுக்குக் கேட்டு ஆள் இறங்கி
கதவைச் சாத்திவிட்டு ஏறிக்கொண்ட காலமுண்டு.
அந்தப் பாதைக்கு அவசரம் ஆகாது.
எனக்கும்தான்.

சிக்கல் வேறு.
ஐப்பசி கார்த்திகையில் மில் சும்மா கிடக்கும்.
"பத்து நாள் போயிட்டு வா ஆத்தா" என்பார் முதலாளி.
அப்போது கடல் லீவு போட்டுவிடும்.
கடல் வேலைக்குத் திரும்பும்போது
அறுப்பு நெல் வாசலில் நிற்கும்,
உமிச்சாம்பல் கண்ணிமையில் படியும்,
ஒரு நாள் கேட்டாலும் முதலாளிக்குக் காது கேட்காது.

சுகிர்தாவின் குரல் செய்தி:
"கப்பல் ஓடுதாம். பக்கத்து வீட்டுக் கனகேஸ்வரி
நேற்றுத்தான் வந்து இறங்கினவ.
சத்தி எண்டால் சத்தி, ஆனா கடல் நல்ல வடிவாம்.
தேசிக்காய் ஒண்டு கையில வச்சிரும்."
தேசிக்காய் என்றால் எலுமிச்சை.
தோஹாவில் முதல் வாரம்
அதற்காகவே சண்டை போட்டோம்.

பங்குனியில் பாய்லர் கழுவ
நாலு நாள் மில் நிற்கும்.
போக ஒன்று, வர ஒன்று, நடுவே இரண்டு.
காலண்டரில் வட்டம் போட்டேன்,
முதலாளி பார்க்காத பக்கத்துக் காலண்டரில்.

சுங்கத்தில் கேட்டால் என்ன மதிப்பு சொல்வது?
பழையது என்பேன்.
யாருடையது என்று கேட்டால்
அங்கே நிற்கிறாளே, அவளுடையது.

நேற்று ராத்திரி முதல்முறையாக அதை ஓட்டினேன்,
கிழிந்த சாக்கில் அதற்கே ஓர் உறை தைக்க.
மூன்றாம் பக்கம் திரும்பும்போது ஊசி உடைந்தது.
மிச்சத்தைக் கையால் தைத்து
காலையில் மறுபடி நிறுத்தேன்.
பதினொன்று அறுநூறு.
உறை இருநூறு.
ஊசி போனதைத் தராசு கண்டுகொள்ளவில்லை.